'பின்னோக்கிய இணக்கம்' வேண்டாம், 'பழந்தள இணக்கம்' எனலாமா?

வணக்கம்.

பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி, அதாவது புதியது பழையதோடும் பொருந்தி இயங்குவது, என்பதற்குப் 'பின்னோக்கிய இணக்கம்' என்னும் சொல் முன்வைக்கப்பட்டுள்ளது; அதைப் 'பின்னிணக்கம்' என்று சுருக்கலாம் என்ற கருத்தும் வந்துள்ளது. கைப்பேசிச் செயலி உருவாக்கத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன். தமிழில் 'பின்' என்பது இடத்தைக் குறிக்கும்போது ஒரு திசையிலும், காலத்தைக் குறிக்கும்போது அதற்கு நேரெதிர்த் திசையிலும் நிற்கிறது. நடப்பவருக்குப் பின்னால் இருப்பது அவர் கடந்துவந்த வழி. ஆனால் பின்னர், பிற்காலம், பின்னோர் ஆகிய சொற்கள் இனி வருவதையே சொல்கின்றன. எனவே 'பின்னிணக்கம்' என்று படிப்பவர், இனி வரும் பதிப்புகளோடு இணங்குவது என்று பொருள்கொண்டால் பிழை அவருடையது அன்று.

இது எனக்கு நேர்ந்தது. நான் பராமரிக்கும் சிறிய அகராதிச் செயலி, ஆண்ட்ராய்டு 7.0 உள்ள கைப்பேசிகளில் திறந்தவுடன் மூடிக்கொண்டது. பிழைப்பதிவைப் பார்த்தபோது, தேதியைக் கணக்கிட நான் எடுத்தாண்ட ஜாவா டைம் வகுப்பு (ஆயத்த நிரல்பகுதி) அங்கே இல்லவே இல்லை என்று தெரிந்தது. அது ஆண்ட்ராய்டு 8.0 முதல்தான், அதாவது ஏபிஐ நிலை (ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு நிரலர்கள் வழங்கும் வரிசை எண்) 26 முதல்தான், இயங்குதளத்தோடு வருகிறது. அத்தகைய வகுப்புகளைச் செயலிக்குள்ளேயே சேர்த்துக் கட்டமைக்கும் வசதி 2020இல், செயலியைக் கட்டமைக்கும் கருவியான ஆண்ட்ராய்டு கிரேடில் செருகுநிரலின் 4.0 பதிப்பில் வந்திருந்ததால், அதை இயக்கியதும் சிக்கல் தீர்ந்தது. வெளியீட்டுக் குறிப்பில் 'பின்னோக்கிய இணக்கம் சேர்க்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். சோதித்துப் பார்த்த நண்பர், "அப்படியென்றால் பின்னால் வரப்போகும் ஆண்ட்ராய்டிலும் ஓடும், அல்லவா?" என்று கேட்டார். அவர் தமிழை நன்கறிந்தவர். சொல்தான் அவரை வழிதவற வைத்தது.

'முற்பதிப்பு இணக்கம்' என்று மாற்றலாமா என்று முதலில் எண்ணினேன். முன்பதிவு, முன்வெளியீடு ஆகியவற்றோடு பழகிய கண், முற்பதிப்பு என்பதை வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பாகப் படிக்கக்கூடும். 'பழம்பதிப்பு இணக்கம்' தெளிவானதுதான். ஆயினும் எதனுடைய பழம்பதிப்பு என்ற கேள்வி எஞ்சுகிறது. செயலிக்கும் பழைய பதிப்புகள் உண்டு. அவை சேமித்துவைத்த கோப்புகளைப் புதிய பதிப்பு திறக்க வேண்டும் என்பது முற்றிலும் வேறு வேலை.

இங்கேதான் மூலச்சொல்லின் குறையும் தெரிகிறது. ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு பொறுப்புகள் ஒரே பெயரில் வழங்குகின்றன. பழைய இயங்குதளத்தில் புதிய செயலியை ஓடச் செய்வது நிரலரின் பொறுப்பு. புதிய இயங்குதளத்தில் பழைய செயலியை முறியாமல் ஓடச் செய்வது இயங்குதளத்தை உருவாக்குவோரின் பொறுப்பு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, செயலி ஓடும்போதே அனுமதி கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் ஏபிஐ நிலை 22 அல்லது அதற்குக் கீழானதை இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு, நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் வழங்கும் பழைய வழக்கத்தை அது கைவிடவில்லை. அது இயங்குதளம் செய்த இணக்கம். என் அகராதிக்கு நான் செய்தது செயலியின் இணக்கம். எது பழையது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடும் வாய்ப்பு தமிழில் இருக்கும்போது, திசையைக் காட்டி நிறுத்துவானேன்?

ஆகவே செயலி பழைய இயங்குதளத்துக்கு இணங்குவதற்குப் 'பழந்தள இணக்கம்' என்றும், இயங்குதளம் பழைய செயலிக்கு இணங்குவதற்குப் 'பழஞ்செயலி இணக்கம்' என்றும், கோப்புகளைப் பற்றிய மூன்றாவதற்குப் 'பழங்கோப்பு இணக்கம்' என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. பழந்தமிழ், பழங்கதை என்று நாள்தோறும் புழங்கும் அமைப்பே இது என்பதால் விளக்கம் தேவைப்படாது. தளம் என்றால் இணையத்தளம் என்று மயங்கலாமே என்று கேட்கலாம். செயலி பற்றிய பேச்சில் அந்த மயக்கம் நேர்வது அரிது, நேருமிடத்தில் 'பழைய இயங்குதள இணக்கம்' என்று விரித்து எழுதத் தடையில்லை.

'இணக்கம்' என்ற பகுதியை நான் விடமாட்டேன். ஒத்தியல்பு, பொருந்துமை ஆகியவை இரு தரப்பும் சமமாக ஒத்துப்போவதைக் குறிக்கின்றன. பழந்தளமோ இனி மாறப்போவதில்லை. வளைந்துகொடுக்க வேண்டியது செயலி மட்டுமே. இணங்குதல் என்ற வினை அதைச் சரியாகச் சொல்வதுடன், பழந்தளத்துக்கு இணங்கும் செயலி, இணங்காத நிரலகம் (லைப்ரரி) என்று வாக்கியத்திலும் இயல்பாக அமர்கிறது. 'பழந்தள ஆதரவு' என்பதை இதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். ஆதரவு என்பது வாக்குறுதி. உருவாக்கியவர் சோதிப்பதையே நிறுத்திவிட்ட பிறகும் ஒரு செயலி பழைய கைப்பேசியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அங்கே இணக்கம் உண்டு, ஆதரவு இல்லை.

இதையொட்டி, செயலி ஓடக்கூடிய மிகப் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிக்கும் மின் (மினிமம்) எஸ்டிகே என்பதையும் முடிவு செய்ய வேண்டியுள்ளது. 'கடைநிலைப் பதிப்பு' தாழ்வுப் பொருள் தருகிறது, 'தொடக்கப் பதிப்பு' முதன்முதலில் வந்ததைக் காட்டுகிறது. 'கீழெல்லைத் தளம்' பொருந்தும். ஐஓஎஸ் உருவாக்கத்தில் இதே எல்லையை டிப்ளாய்மென்ட் டார்கெட் என்கிறார்கள், ஆண்ட்ராய்டிலோ டார்கெட் எஸ்டிகே என்பது வேறொன்று: எந்தப் பதிப்பின் நடத்தைக்கு ஏற்பச் செயலி அணியப்படுத்தப்பட்டது என்று இயங்குதளத்துக்கு அறிவிப்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்து இரண்டையும் 'இலக்கு' என்றால், இரு தளங்களுக்கும் எழுதும் மாணவர் திண்டாடுவார். ஐஓஎஸ் எல்லையையும் கீழெல்லைத் தளம் என்றே குறித்து, 'இலக்குத் தளம்' என்பதை ஆண்ட்ராய்டின் பொருளுக்கு ஒதுக்கலாம்.

எந்தப் பதிப்பின் வசதிகளைக் கொண்டு செயலியின் நிரல் தொகுக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் கம்பைல் எஸ்டிகே என்பதற்கு, இயங்குதளம் போலவே வினைத்தொகையாகத் 'தொகுதளம்' என்று எண்ணியிருக்கிறேன். 'தொகுப்பு' ஏற்கெனவே பல பொருள்களைச் சுமப்பதால் இதில் மட்டும் எனக்கு முழு நிறைவில்லை. இதைவிடச் செறிவான சொல் கிடைத்தால் என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.