லண்டன் கோச்சியில் (ரயிலில்) ஆள் இல்லையாம், யார் சொன்னது?

வாவிக்கரையான் | இரவு 8.40
லண்டனில் கணினியால் ஓடும் டி.எல்.ஆர். (டொக்லண்ட்ஸ் லைட் ரெயில்வே) பற்றி நேற்று கல்லடிக் கடற்காற்று இங்கே எழுதியதை அப்படியே போடுகிறேன்: “லண்டனில் டி.எல்.ஆர். ரயில் 1987 இலிருந்து ஆளில்லாமல் ஓடுகிறது. அங்குள்ள தொழிற்சங்கங்கள் ஆட்குறைப்பு என்றதும் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று கத்துவது சம்பளத்துக்காக மட்டும்தான். நம் நாட்டு ரயிலிலும் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பலாம்.”

இதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. டி.எல்.ஆரில் ஆள் இருக்கிறார். ஒவ்வொரு ரயிலிலும் இருக்கிறார். கதவைப் பார்த்து மூடுகிறவர் அவர்தான். கணினி மக்கர் பண்ணினால் முன்பக்கம் போய், பூட்டியிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து கையால் ஓட்டுகிறவரும் அவர்தான். தெரியாத விஷயத்தை இவ்வளவு துணிவாக எழுதக் கூடாது.

இன்னொன்று. டி.எல்.ஆர். தொடங்கிய அதே 1987 ஆம் ஆண்டு நவம்பர் 18 இல் கிங்ஸ் கிராஸ் நிலக்கீழ் நிலையத்தில் தீப்பிடித்தது. மரத்தாலான நகரும் படிக்கட்டு. அதன் அடியில் வருடக் கணக்காகச் சேர்ந்த கிறீசும் குப்பையும். மேலிருந்து யாரோ போட்ட ஒரு நெருப்புக்குச்சி. 31 உயிர் போனது. அதற்குப் பிறகுதான் 1989 இல் சட்டம் போட்டார்கள், நிலத்துக்குக் கீழே இருக்கும் நிலையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் குறைந்தது இரண்டு ஊழியர்களாவது கடமையில் இருக்க வேண்டும் என்று. சங்கம் பாதுகாப்பு என்று சொல்வது எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா?

கல்லடிக் கடற்காற்று | இரவு 9.05
என்னை இழுத்துப் போட்டுத் தனி விவாதம் தொடங்கும் அளவுக்கு உங்களுக்கு என்ன கோபம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய பாலத்தைப் பற்றி நான் எழுதியது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

நான் போன வருடம் மூன்று கிழமை லண்டனில் என் தங்கச்சி வீட்டில் நின்றேன். லைம்ஹவுஸிலிருந்து எத்தனை தடவை டி.எல்.ஆரில் போயிருப்பேன். டிரைவர் இருக்க வேண்டிய முன் சீட்டில் என் மருமகப் பொடியன் குந்தியிருந்து வந்தான். ஆள் இல்லை. நான் கண்ணால் கண்டேன், நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். பல டி.எல்.ஆர். ஸ்டேஷன்களில் வெளியிலும் ஆள் இல்லை. அட்டையைத் தட்டிவிட்டு ஏறுகிறோம், தட்டிவிட்டு இறங்குகிறோம்.

கிங்ஸ் கிராஸ் கதைக்கும் வருகிறேன். அன்றிரவு அங்கே ஊழியர்கள் இருக்கவில்லையா? இருந்தார்கள். நீர்த்தூவி அணைக்கும் கருவியும் அங்கேயே இருந்தது. ஒருவரும் அதைத் திறக்கவில்லை, பழக்கியிருக்கவில்லை. அந்தத் தீயைப் பற்றிய ஃபெனல் விசாரணையே அதைச் சொன்னது. பத்துப் பேரை நிறுத்தினாலும் பழக்கம் இல்லாவிட்டால் என்ன பலன்?

வாவிக்கரையான் | இரவு 9.21
பாலத்தைப் பற்றி நான் பேசவில்லை. நீங்கள்தான் பேசுகிறீர்கள்.

பழக்காமல் விட்டது யார்? படிக்கட்டில் தீப்பிடிப்பதைப் பெரிய விஷயமாகவே எடுக்காத நிர்வாகம். அதற்காக ஆளை வெட்டுவது, பிள்ளை பாடம் படிக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தை இடிப்பது போல.

டி.எல்.ஆரில் ஆள் இருக்கிறார். மருமகன் முன் சீட்டில் இருந்தால், ஆள் கதவடியில் நின்றிருப்பார்.

களுவாஞ்சிக்குடி மகள் | இரவு 9.48
நான் லண்டனில் நிலக்கீழ் ரயில் ஸ்டேஷன் ஒன்றில் வேலை செய்கிறேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். அண்ணன்மார் இருவரும் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். ஆள் என்று நீங்கள் சொல்வது டிரைவரையா, ஊழியரையா? அது தெரியாமல் விடியும்வரை பேசினாலும் முடியாது.

நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். 2015 இல் டிக்கெட் கவுண்டர்களை மூடினார்கள். எங்களை ஹோலில் நிறுத்தினார்கள். ஆட்களும் குறைந்தார்கள். அதை எதிர்த்துத்தான் 2017 ஜனவரி 9 இல் பணிப்புறக்கணிப்பு நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஸ்டேஷன் வேலைகளில் ஐந்நூறு அறுநூறு இடங்களை நிரப்பாமல் விடப் போகிறோம் என்றார்கள். 2022 மார்ச் 1 இலும் 3 இலும் மறுபடி வேலையை நிறுத்தினோம். வெளியே நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வாவிக்கரை அண்ணன் சொல்கிற இரண்டு பேர் சட்டம் நிலத்துக்குக் கீழே இருப்பவற்றுக்குத்தான். அந்த வலையமைப்பில் பாதிக்கு மேல் தரைக்கு மேலேதான் ஓடுகிறது. என் ஸ்டேஷனும் மேலேதான். ஒரு மாரி இரவு, தனியாக நான். ஒரு வயதானவர் படியில் விழுந்து மண்டை உடைந்துவிட்டது. அவருடைய தலையைத் தாங்கிப் பிடிப்பதா, வாசலுக்கு ஓடி அம்புலன்ஸ்காரருக்கு வழி காட்டுவதா? அதே நேரம் சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை வந்து இறங்கப் பலகை போட ஆளைத் தேடுகிறது. பலகையைக் கணினி போடாது. நான் என் சால்வையைச் சுற்றி அவர் கையிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். அந்த இரவை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

சம்மாந்துறை நெல்மணி | இரவு 10.02
நீங்கள் லண்டன் கோச்சிக்கு அடிபடுங்கள். எங்களுக்கு கோச்சி ஏற வேண்டுமென்றால் மட்டக்களப்புக்குத்தான் வர வேண்டும். கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ தண்டவாளம் வரும் என்று வாப்பா காலத்திலிருந்து கேட்கிறோம். முதலில் அதைப் பேசுங்கள்.

தமிழ்ச்சொல் காவலன் | இரவு 10.09
கோச்சி என்பது என்ன மொழி? தொடருந்து என்று அழகான சொல் இருக்கிறது.

ஓட்டமாவடிக் காக்கா | இரவு 10.15
என்ட உம்மா கோச்சி என்றார், அவட உம்மாவும் கோச்சி என்றார். எங்களுக்கு அது தமிழ்தான். சொல்லைத் திருத்த வேறு இடம் பாருங்கள் தம்பி.

எங்கட ஊரில் பஸ்சும் கோச்சியும் ஒரே பாலத்தில் போன காலத்தை நான் கண்டவன். கோச்சி வரும்போது வாகனத்தை மறித்து நிறுத்த ஆள் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இந்தக் கடற்காற்றுத் தம்பி ஒரு தடவை யோசிக்கட்டும். புதுப்பாலம் வந்த பிறகுதான் அந்தப் பயம் விட்டது.

தமிழ்ச்சொல் காவலன் | இரவு 10.20
நான் மரியாதையாகத்தான் சொன்னேன். ‘என்ட’ என்று எழுதுகிறவருக்கு விளங்காது.

ஓட்டமாவடிக் காக்கா | இரவு 10.22
‘என்ட’ என்று எழுதுகிறவர்தான் உங்களுக்குத் தயிர் அனுப்புகிறவர். போன தடவை வாங்கிய தயிருக்குக் காசு இன்னும் வரவில்லை.

கல்லடிக் கடற்காற்று | இரவு 10.31
தங்கச்சி, உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் அதை வைத்து எல்லா வேலையையும் அப்படியே வைத்திருக்க முடியாது. லண்டன் நிலக்கீழ் ரயிலில் ஒருகாலம் ஒவ்வொரு ரயிலுக்கும் பின்னால் கார்ட் இருந்தார். 2000 ஜனவரியில் நார்தர்ன் பாதையில் கடைசிக் கார்டும் இறங்கினார். அப்போதும் சங்கம் உலகம் அழிந்துவிடும் என்றுதான் சொன்னது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, ரயில் ஓடுகிறது.

பரிஸில் 14 ஆம் பாதை 1998 இலிருந்து டிரைவர் இல்லாமல் ஓடுகிறது. சிங்கப்பூரில் வடகிழக்குப் பாதை 2003 இலிருந்து. டில்லியில் 2020 டிசம்பரில் மஜெந்தா பாதையில் தொடங்கினார்கள். இந்தியாக்காரனுக்கு முடியும், நமக்கு மட்டும் முடியாதா? டி.எல்.ஆரிலும் ஆள் இல்லை. நான் கண்டேன்.

வாவிக்கரையான் | இரவு 10.58
கார்ட் இறங்கிய பிறகு ஒன்றும் நடக்கவில்லையா? கேளுங்கள்.

2014 பெப்ரவரி 3, ஹோல்போர்ன் நிலையம். ஒரு பெண்ணின் கழுத்துத் துண்டு கதவில் சிக்கி ரயில் அவரை இழுத்துக்கொண்டு போனது. மேடையில் நின்ற ஊழியர் ஓடிப் போய் அவரைப் பிடித்தார், இருவரும் விழுந்தார்கள், துண்டு மட்டும் சுரங்கத்துக்குள் போனது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறார்.

2020 மே 26, வாட்டர்லூ, பேக்கர்லூ பாதை. ரயிலிலிருந்து இறங்கிய ஒருவர் வளைந்த மேடைக்கும் ரயிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் விழுந்தார். தானாக ஏற முடியவில்லை. பக்கத்தில் ஊழியரும் இல்லை, பயணியும் இல்லை. டிரைவருக்கு அவர் சரியாகத் தெரியவில்லை. ரயில் புறப்பட்டது. அவர் செத்துப் போனார். இரண்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள். ஓரிடத்தில் ஒரு கை எட்டியது, மற்ற இடத்தில் எட்டவில்லை.

பரிஸ் 14, சிங்கப்பூர் என்று சொல்கிறீர்கள். அங்கே மேடையில் கண்ணாடிச் சுவரும் கதவும் இருக்கிறது, ரயில் வந்து நின்ற பிறகுதான் திறக்கும். லண்டனில் நிலக்கீழ் பாதைகளில் அப்படிக் கதவு வைத்தது 1999 இல் ஜூபிலி பாதையை நீட்டியபோது, அந்தப் புதிய நிலக்கீழ் நிலையங்களில். மற்றதெல்லாம் திறந்த மேடை, பலதும் நூறு வருடப் பழையது. கதவுக்குக் காசு போடாமல் ஆளை மட்டும் எடுப்பதைத்தான் சங்கம் எதிர்க்கிறது. டி.எல்.ஆரில் ஆள் இருக்கிறார்.

கல்லடிக் கடற்காற்று | இரவு 11.10
வாட்டர்லூ நடந்தது கொரோனாக் காலத்தில். ஊரே அடங்கிக் கிடந்த நேரம். அதை ஆட்குறைப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஒவ்வொரு மேடையின் ஒவ்வொரு அடியிலும் ஒருவரை நிறுத்த எந்த நாட்டுக்கும் காசு இல்லை.

சங்கம் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசுங்கள். 2023 செப்டம்பரில் நம் எஞ்சின் டிரைவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஓடிய இரண்டொரு ரயிலில் சனம் கூரையிலும் ஏறியது. ஹொரபே பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவன் கூரையிலிருந்து விழுந்து செத்தான். அந்தப் பிள்ளையின் உயிருக்கு எந்தச் சங்கம் பதில் சொன்னது?

களுவாஞ்சிக்குடி மகள் | இரவு 11.16
அந்தப் பிள்ளையை நினைத்து நானும் அழுதேன். ஆனால் டிரைவர், ஊழியர் என்று நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வாவிக்கரையான் | இரவு 11.44
அந்த மாணவனின் சாவை நான் சின்னதாக்க மாட்டேன். ஆனால் நீங்கள் அதை எடுத்து வந்தது டி.எல்.ஆர். கேள்வியிலிருந்து தப்ப.

சரி, ஊர்க் கதைக்கு வாருங்கள். என் அப்பா ரயில் கடவைக் காப்பாளராக இருந்தவர். எந்தக் கடவை என்பது வேண்டாம். மூங்கிலைக் குறுக்கே இழுத்துக் கட்டுகிற வேலை. நாளுக்கு 250 ரூபாய் கூலி கொடுத்த காலம் அது. ஒரு கிலோ மீன் வாங்க முடியாது. மழையில் ஒதுங்க ஒரு கொட்டில், மேலே தகரம், அதுவும் ஓட்டை. மாறிப் பார்க்க வர வேண்டியவர் வராவிட்டால் இரவும் பகலும் அவரே. ஒருநாள் காய்ச்சலோடு நின்றார். விடியற்காலையில் கண் அயர்ந்துவிட்டது. கோச்சியின் ஊதல் கேட்டு எழும்பி ஓடினார், ஒரு ஓட்டோ ஏற்கெனவே தண்டவாளத்தில். மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டையோடு. கையால் தள்ளி மறுபக்கம் விட்டார். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை, மூன்று நாள் சாப்பிடவில்லை. ஆட்களைக் கூட்டித் தாருங்கள் என்று மேலே எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மணியும் விளக்கும் போட்டால் போதும், ஆள் தேவையில்லை என்று வாயால் சொன்னார்கள். மணி அடிக்கும். ஓட்டோவைத் தள்ளாது.

மட்டக்களப்புப் பாதை ஒற்றைத் தண்டவாளம். முன்னால் பாதை காலி, போகலாம் என்பதற்கு அடையாளமான டெப்லட் வளையத்தைக் கையில் வாங்காமல் கோச்சி நகராது. கொடுக்கிறவர் ஒரு மனிதர், வாங்குகிறவர் ஒரு மனிதர். இதில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதியவர் நீங்கள். யாரை அனுப்பப் போகிறீர்கள், கொடுக்கிறவரையா வாங்குகிறவரையா?

சம்மாந்துறை நெல்மணி | இரவு 11.50
வாவிக்கரை அண்ணன், உங்கட அப்பாவுக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும். கல்முனைத் தண்டவாளத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கல்லடிக் கடற்காற்று | இரவு 11.57
உங்கள் அப்பா மேல் எனக்கும் மரியாதை இருக்கிறது. அதற்காக லண்டன் பொய் உண்மையாகிவிடாது. களுவாஞ்சிக்குடித் தங்கச்சி வேலை செய்வது நிலக்கீழ் ரயிலில், டி.எல்.ஆரில் அல்ல. அப்பா இருந்தது கடவையில், டி.எல்.ஆரில் அல்ல. நான் சொன்னது டி.எல்.ஆர். அதில் ஆள் இல்லை. மருமகன் முன் சீட்டில் இருக்கும் படத்தை நாளைக்குப் போடுகிறேன், எல்லோரும் பாருங்கள்.

வாவிக்கரையான் | நள்ளிரவு 12.04
போடுங்கள். படம் எடுத்தவர் அப்படியே பின்னால் திரும்பிப் பெட்டிகள் முழுக்க ஒரு படம் எடுத்திருந்தால் அதையும் போடுங்கள். கதவடியில் ஆள் இருக்கிறார்.

கல்லடிக் கடற்காற்று | காலை 6.32
படத்தைப் போட்டுவிட்டேன். ஆள் இல்லை.

வாவிக்கரையான் | காலை 6.35
அது முன் கண்ணாடி. கதவைக் காட்டுங்கள்.