மூன்று மாத்திரை மாற்றியும் பயம் போகவில்லை. பலன் கொடுத்த ஒரே மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்

மாந்தோப்பு (காவேரிப்பட்டினம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். வயது 31. மாங்கூழ் கம்பெனியில் லேபில் வேலை. கூழின் இனிப்பு அளவு, புளிப்பு அளவு எடுப்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஷிஃப்ட் மாறும்போது பத்துப் பேர் முன்னால் அந்த அளவுகளை வாய்விட்டுச் சொல்வதுதான் முடியாது. தொண்டை அடைத்துக்கொள்ளும், கை நடுங்கும், காது சுடும். நாளைக்கு என் முறை என்று தெரிந்தால் முந்தின ராத்திரியே சாப்பாடு இறங்காது. பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல முடியாத நாளிலிருந்து இதே பாடுதான்.

சமூகப் பதற்ற நோய் (சோஷியல் ஆங்சைட்டி) என்று நான்கு வருஷமாக வைத்தியம். எஸ்சிடலோபிராம், அப்புறம் செர்ட்ராலின், அப்புறம் பராக்சிடின். மூன்றும் கேட்கவில்லை. நடுவில் புரோபிரனலால் கொடுத்தார்கள். படபடப்பு கொஞ்சம் அடங்கியது, பயம் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு மாதம் பதற்றத்தைச் சட்டென்று அடக்கும் குளோனாசெபாம் 0.5 மி.கி. கொடுத்தார்கள். அந்த மாதம்தான் மாமா வீட்டுக் கல்யாணம். மொய் எழுதும் மேசையில் பெயர், அப்பா பெயர், ஊர், தொகை எல்லாம் சத்தமாகச் சொல்ல வேண்டும், பின்னால் வரிசை நிற்கும். எப்போதும் தம்பி கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்கு வெளியே நிற்பவன் நான். அன்று நானே போனேன், சொன்னேன். எழுதுகிறவர் சரியாகக் கேட்காமல் ‘இன்னொரு தடவை சொல்லுப்பா’ என்றார். இன்னொரு தடவையும் சொன்னேன்.

அடுத்த மாதம் டாக்டர் அதை நிறுத்திவிட்டார். ‘பழகிவிடும்’ என்று ஒரே வார்த்தை. கேட்ட ஒரே மருந்தை ஏன் பிடுங்க வேண்டும்? இதற்கு யாராவது நியாயமாகப் பதில் சொல்லுங்கள்.

அரூர் மெடிக்கல்

தம்பி, 14 வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் டாக்டர் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

குளோனாசெபாம் டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்து. ஒவ்வொரு விற்பனைக்கும் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று ரிஜிஸ்டரில் எழுதி வைக்கிறேன். அந்த ரிஜிஸ்டரைப் புரட்டினால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். 0.25-ல் ஆரம்பித்தவர் 0.5, பிறகு 1, பிறகு 2. ஒரு பொங்கல் விடுமுறை முடிந்த காலையில், நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே ஒருவர் வந்து நின்றார். மார்கழிக் குளிர் இன்னும் விட்டிருக்கவில்லை, அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கவுன்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ‘கடன் கேட்கவில்லை அண்ணா, பணம் இருக்கிறது, ஒரே ஒரு மாத்திரை’ என்றார். நான்கு நாளாக மாத்திரை இல்லை, சீட்டும் பழசு. தினமும் போட்டுப் பழகியதைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். கடைப் பையனைத் துணைக்கு அனுப்பி டாக்டரிடம் சேர்த்தேன். அவரும் முதல் மாதம் உங்களைப் போலத்தான் சந்தோஷமாக இருந்தார்.

இன்னொன்று கேட்கிறேன். மூன்று மருந்து கேட்கவில்லை என்கிறீர்கள். ஒவ்வொன்றும் எத்தனை மி.கி., எத்தனை வாரம்?

ராயக்கோட்டைப் பெரியவர்

மாத்திரையே எதற்கு என்று கேட்கிறேன். என் தங்கை மகனும் இப்படித்தான், ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவான். தக்காளி மண்டிக்குக் கூட்டிப் போய் ஏலத்தில் நிறுத்தினேன். முதல் மாதம் அழுதான். இரண்டு வருஷத்தில் அவனே கூவி ஏலம் விட்டான். கூச்சத்துக்கு மருந்து கூட்டம்தான். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சாமந்தி (பாலக்கோடு)

ஐயா, உங்கள் மருமகன் தேறியது நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் நான் ஒன்பது வருஷமாக ஆசிரியை. தினமும் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கிறேன். கூட்டம்தான் மருந்து என்றால் எனக்கு முதல் வருஷமே சரியாகியிருக்க வேண்டும். பெற்றோர் கூட்டம் என்றால் அன்று காலை வாந்தி எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

ஏன் சரியாகவில்லை என்பது பிற்பாடு ஒரு சைக்காலஜிஸ்ட் சொல்லித்தான் புரிந்தது. கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் எடுத்திருக்கிறேன். கேள்வி கேட்கும் பிள்ளையின் கண்ணைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். கூட்டத்துக்கு நடுவிலேயே ஒளிந்துகொண்டு ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன். இது கூச்ச சுபாவம் இல்லை ஐயா, நோய். கூச்சம் உள்ளவர் பழகப் பழகத் தெளிவார். இந்த நோய் உள்ளவர் பழகப் பழக ஒளியக் கற்றுக்கொள்வார்.

மாந்தோப்பு

மெடிக்கல் அண்ணா, பழைய சீட்டெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எஸ்சிடலோபிராம் 10 மி.கி., ஐந்து வாரம். குமட்டல், தூக்கமில்லை, வெளியே சொல்ல முடியாத இன்னொரு தொந்தரவு. விட்டுவிட்டேன். செர்ட்ராலின் 50 மி.கி., ஆறு அல்லது ஏழு வாரம். பராக்சிடின் மட்டும்தான் நாலு மாதம். அதிலும் மே, ஜூன் மாங்காய் சீசன். இரட்டை ஷிஃப்ட், பாதி நாள் போடவில்லை. ஒரு தடவை நாலு நாள் தொடர்ந்து விட்டதில் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் சுரீர் என்று இருந்தது.

அரூர் மெடிக்கல்

அப்படியானால் தம்பி, எந்த மருந்தும் தோற்கவில்லை. எதையும் நீங்கள் முழுதாகப் போட்டுப் பார்க்கவே இல்லை. இந்த நோய்க்கு இந்த வகை மாத்திரை சரியான அளவில் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் உள்ளே போக வேண்டும். செர்ட்ராலின் 50 என்பது ஆரம்பம், 200 வரை ஏற்றலாம். உங்கள் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதைத் தாண்டி குளோனாசெபாமுக்கு ஏன் ஓடுகிறீர்கள்?

மாந்தோப்பு

சரி அண்ணா, குற்றம் என்மேல்தான் என்கிறீர்கள். ஒரு தடவை டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகிறது. மூன்று மணி நேரம் காத்திருந்தால் மூன்று நிமிஷம். ‘எப்படி இருக்கு?’ என்பார். ‘பரவாயில்லை சார்’ என்பேன். நான்கு வருஷமாக ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லியிருக்கிறேன். பின்னால் அடுத்த நோயாளி நிற்கிறார், கதவருகே நர்ஸ் நிற்கிறார். பரவாயில்லை என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வராது. அதற்குத்தானே வைத்தியத்துக்கே போனேன்! அளவைக் கூட்டுங்கள், அந்தத் தொந்தரவு தாங்கவில்லை என்றெல்லாம் எப்படிச் சொல்வது?

இரவுப்பேருந்து (ஓசூர்)

இந்தப் பதிவைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மெடிக்கல் அண்ணா, உங்கள் ரிஜிஸ்டரில் திரும்பத் திரும்ப வருகிறவர்களை மட்டும்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். ஆறு மாதம் சாப்பிட்டு, மெதுவாகக் குறைத்து நிறுத்தியவர் உங்கள் கடைக்கு மறுபடி வரவே மாட்டார்.

குளோனாசெபாம் இந்த நோய்க்குக் கேட்கும் என்பது புதுச் செய்தி இல்லை. 1993-லேயே மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். 2014-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் வந்த ஆய்வு இதே கேள்விக்குத்தான். செர்ட்ராலின் போதாமல் போன 181 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அதோடு குளோனாசெபாம், ஒரு பிரிவுக்கு வென்லாஃபாக்சின் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றம், ஒரு பிரிவுக்கு செர்ட்ராலினோடு வெற்று மாத்திரை. குளோனாசெபாம் சேர்த்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், வெற்று மாத்திரைப் பிரிவில் 36 சதவீதம். இந்தத் தம்பி மொய் மேசையில் நின்றது கற்பனை இல்லை.

பெனெல்சின் என்று ஒரு பழைய மருந்தும் இருக்கிறது. இந்த நோய்க்கு அது நன்றாகக் கேட்பதாக எண்பதுகளிலிருந்தே எழுதுகிறார்கள். அதைப் பற்றி எந்த டாக்டரும் வாய் திறப்பதில்லை.

அரூர் மெடிக்கல்

நீங்கள் சொன்ன அதே ஆய்வை முழுதாகப் படியுங்கள். நோய் அடையாளமே இல்லாத அளவுக்குக் குணமானவர்கள் குளோனாசெபாம் பிரிவில் 27 சதவீதம், வென்லாஃபாக்சின் பிரிவில் 19, வெற்று மாத்திரைப் பிரிவில் 17. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றுதான் கணக்குச் சொல்கிறது. முக்கியமானது இன்னொன்று. பத்து வாரம், 200 மி.கி. வரை ஏற்றிக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் ‘கேட்கவில்லை’ என்ற பெயரையே கொடுத்தார்கள். நம் தம்பி 50-லேயே நின்றவர்.

எந்த நோய்க்கு எந்த வைத்தியம் என்று டாக்டர்களுக்குச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இந்த நோய்க்கான வழிகாட்டியை 2013-ல் வெளியிட்டது. முதலில் ஒருவருக்கு ஒருவராகச் செய்யும் சிந்தனை, நடத்தைப் பயிற்சி. மருந்துதான் வேண்டும் என்றால் எஸ்சிடலோபிராம் அல்லது செர்ட்ராலின், அது போதாவிட்டால் பராக்சிடின், ஃபுளுவாக்சமின், வென்லாஃபாக்சின். அதற்கும் பின்னால்தான் பெனெல்சின், மோக்லோபெமைடு. குளோனாசெபாம் வகையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பெனெல்சின் நல்ல மருந்துதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு பட்டைகூட என் கைக்கு வந்ததில்லை. வந்தாலும் கருவாடு, பழைய சீஸ் மாதிரி நாள்பட்ட சாப்பாடு கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறிவிடும். செர்ட்ராலின் வகையை நிறுத்தி இரண்டு வாரம், ஃபுளுவாக்சடின் என்றால் ஐந்து வாரம் இடைவெளி விட்டுத்தான் தொட வேண்டும். கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீட்டில், பக்கத்தில் நின்று கவனிக்க ஆள் இல்லாமல் யார் இதை எழுதிக் கொடுப்பார்கள்?

இரவுப்பேருந்து (ஓசூர்)

முதலில் பயிற்சி என்கிறீர்கள். பயிற்சி கொடுக்க ஆள் எங்கே? ஊத்தங்கரையிலும் பென்னாகரத்திலும் வாரம் ஒரு தடவை உட்கார்ந்து பேச சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா? அவர்கள் ஊரில் எல்லாம் இருக்கிறது, எழுதிவிட்டார்கள். இல்லாத ஒன்றைக் காட்டி இருக்கிற ஒன்றைத் தடுக்காதீர்கள். நான் வென்லாஃபாக்சின் 150-ல் இருந்தபோது முதல் ஆறு வாரம் குளோனாசெபாமும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அந்த ஆறு வாரம் இல்லையென்றால் மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் முன்பே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்திருப்பேன். தேதி குறித்துக் கொடுப்பது வேறு, கேட்டபோதெல்லாம் கொடுப்பது வேறு. உங்கள் டாக்டரும் தேதி குறித்துத்தான் கொடுத்திருப்பார் தம்பி, உங்களிடம் சொல்லவில்லை. அதுதான் தப்பு.

அரூர் மெடிக்கல்

தேதி குறித்து, டாக்டர் கண்காணிப்பில் என்றால் எனக்கும் சண்டை இல்லை. அந்தத் தேதி தாண்டிய சீட்டோடுதான் என் கடைக்கு வருகிறார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சாமந்தி (பாலக்கோடு)

குளோனாசெபாம் விஷயத்தில் நான் மெடிக்கல் அண்ணா பக்கம், ஆனால் வேறு காரணத்துக்காக. அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினால், இறங்கும்போது மனம் ‘மாத்திரை காப்பாற்றியது’ என்றுதான் எழுதி வைத்துக்கொள்கிறது. ‘நான் சமாளித்தேன்’ என்று எழுதுவதில்லை. எனக்குப் பர்ஸில் ஒரு மாத்திரை இருந்தால்தான் பள்ளி வாசலைத் தாண்ட முடியும் என்ற நிலை வந்தது. போடக்கூட வேண்டாம், இருந்தால் போதும். அதுவும் ஒரு கரும்பலகைதான்.

எனக்குச் செர்ட்ராலின் 150-க்கு வந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது, பதினோராவது வாரம். கூடவே படிப்படியான பயிற்சி. கண்டக்டரிடம் வேண்டுமென்றே ‘இது தர்மபுரி போகுமா?’ என்று இரண்டு தடவை கேட்பது. கடையில் வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுப்பது. பெற்றோர் ஒருவரின் கண்ணைப் பார்த்து முழுதாக ஒரு வாக்கியம் பேசுவது. சேலத்துக்கு எட்டு தடவை போனேன், மீதி போனில். ஆள் இல்லை என்பது உண்மைதான், ஆனால் அறவே இல்லை என்பதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசுகிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே இருக்கிறது, கிருஷ்ணகிரியில் ஏறினால் காலையிலேயே போய்ச் சேரலாம்.

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த ‘பரவாயில்லை சார்’தான். அதையே நானும் இரண்டு வருஷம் சொன்னேன். கடைசியில் வாயால் சொல்வதை விட்டுவிட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். டாக்டர் ஒரு நிமிஷம் படித்தார். அன்றுதான் முதல் தடவையாக அளவைக் கூட்டினார்.

மாந்தோப்பு

அக்கா, தாள் எழுதிவிட்டேன். இரவு ரொம்ப நேரமாகிவிட்டது. இங்கே போடுகிறேன், விட்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

‘ஐயா, வாயால் சொல்ல வராது, அதனால் எழுதியிருக்கிறேன். எஸ்சிடலோபிராம் 10, ஐந்து வாரம், குமட்டலாலும் தாம்பத்தியத் தொந்தரவாலும் நானே நிறுத்தினேன், சொல்லவில்லை. செர்ட்ராலின் 50, ஏழு வாரம், தொந்தரவு குறைவு, பலனும் குறைவு. பராக்சிடின் ஒழுங்காகப் போடவில்லை. குளோனாசெபாம் போட்ட மாதம் மொய் மேசையில் பேசினேன். அதை மறுபடி கொடுக்க முடியுமா, முடியாதென்றால் ஏன், கொடுத்தால் எத்தனை வாரம் என்று சொல்லுங்கள். செர்ட்ராலினை மறுபடி தொடங்கி ஏற்றிப் பார்க்கவும் தயார். ஷிஃப்டில் இருப்பதால் இரவு ஒரே வேளை மாத்திரை என்றால் மறக்க மாட்டேன்.’

மெடிக்கல் அண்ணா சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மாதம் நான் மனிதனாக இருந்தேன், அதை யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது.

அரூர் மெடிக்கல்

இல்லை என்று சொல்லவில்லை தம்பி. தாள் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. கல்யாணம், கூட்டம் என்றால் முன்னாடி பீர் ஏதாவது போடும் பழக்கம் உண்டா? குளோனாசெபாமோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம், டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆஸ்துமா இருந்தாலும் எழுதுங்கள், புரோபிரனலால் கொடுப்பதற்கு முன் அதைத்தான் கேட்க வேண்டும்.

மாந்தோப்பு

ஆஸ்துமா இல்லை. பீர் உண்டு அண்ணா. கடைசி வரியாக எழுதிவிட்டேன். திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், ஓபி சீட்டு வாங்கத் தம்பியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.