பாண்டிச்சேரி செவுத்த தட்டிப் பாத்த எங்கப்பா

பாண்டி போயிட்டு வந்த கதைய ஆளாளுக்குச் சொல்றீங்க, நம்ம பங்குக்கு ஒண்ணு. எங்களுக்கு தேவிபட்டினம் பக்கம். அப்பா கொத்தனாரு, எழுபது தாண்டிருச்சு. கடல்ல இருந்து பவளக்கல்லு எடுத்து சூளையில சுட்டு, தண்ணி ஊத்தி நீத்தி, அந்த சுண்ணாம்புலயே வீடு பூசுன காலத்து ஆளு (இப்ப அந்தக் கல்லத் தொட்டாலே கேஸு, 2001ல வனவிலங்குச் சட்டத்துல சேத்துட்டாங்க, சேத்ததும் சரிதான்). ராம்நாட்ல ராத்திரி ரயிலேறி விழுப்புரத்துல எறங்கி பஸ் புடிச்சு காலையில பீச் ரோட்டுல போயி நின்னா மொதக் கேள்வியே "ஏன்டா, மணல எங்க?"ன்னாரு. நம்ம பக்கம் கடலு குளம் மாதிரி கெடக்கும், அங்க கருங்கல்லுல வந்து மோதுது. 1989ல ஹார்பர் கட்டுனதுக்கப்புறம் மணல் அரிச்சுப் போயி கல்லக் கொட்டி வச்சிருக்காங்கன்னு சொன்னேன், ம்ம்னு மட்டும் சொன்னாரு.

அப்புறம் பிரெஞ்சுக்காரங்க இருந்த துய்மா வீதி, ரொமேன் ரோலண்ட் வீதி எல்லாம் சுத்துனோம். மஞ்சச் செவுரு, வெள்ளை பார்டர், காகிதப்பூ, எந்த வீட்டு முன்னாடி பாத்தாலும் யாராச்சும் சாஞ்சு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்க. எங்கப்பாவும் செவுத்துக்கிட்ட போனாரு, ஆனா வெரல மடக்கி தட்டுறாரு. "இது சிமெண்டு." அடுத்த வீடு, டொக் டொக், "இது சுண்ணாம்பு, ஆனா மேல எவனோ சிமெண்டப் பூசிக் கெடுத்துட்டான், உப்புக்காத்துல உள்ள ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பித்தான் கெடக்கும்". நாலாவது வீட்டுல வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு. சண்டை வரும்னு பாத்தா, ரெண்டு பேரும் சுண்ணாம்புல சேக்குற கடுக்காத்தண்ணி, வெல்லம்னு பேச ஆரம்பிச்சு அரை மணி நேரம் என்னய வெயில்ல நிக்க வச்சுட்டாங்க. பின்பக்கம் பழைய பூச்சு கொட்டுன எடத்துல ஒரு பூச்சுத் துண்ட எடுத்து அப்பா கையில குடுத்தாரு அந்த மனுசன்.

ஆட்டோக்காரர் ஒருத்தர் எல்லா வீட்டையும் முன்னூறு வருசப் பழசுன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. அப்படியெல்லாம் இல்ல, 1761ல இங்கிலீஷ்காரன் ஊரப் புடிச்சு இடிச்சுத் தள்ளிட்டான், இப்ப நாம பாக்குறதுல பெரும்பாலும் அதுக்கப்புறம் எழுப்புனதுதான். ஆனா நாட்குறிப்பு எழுதுன ஆனந்தரங்கப்பிள்ளை வீடு அதுக்கு முன்னாடியே 1738ல கட்டுனது, கீழ நம்ம வீடு மாதிரி மரத்தூணு, மேல பிரெஞ்சு மாதிரி பூச்சுத் தூணு. நாங்க போன அன்னிக்கு பூட்டிக் கெடந்துச்சு, எரிச்சலா வந்துச்சு. பீச் ரோட்டுல மேரி கட்டடத்த (பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சி ஆபீஸு) பாத்துட்டு அப்பா "இது புதுசுடா"ன்னாரு. உண்மைதான், பழசு 2014 மழையில சரிஞ்சு விழுந்து, அதே மாதிரி திரும்பக் கட்டுனது. நான் சொல்லவே இல்ல, எப்படிக் கண்டுபுடிச்சாருன்னு தெரியல.

வாய்க்காலத் தாண்டி தமிழாளுங்க பக்கம் வைசியாள் வீதிக்கு வந்தப்பதான் அவரு மொகம் தெளிஞ்சுச்சு. திண்ணை, தாவாரம், மரத்தூணு. அந்தத் தெருவ சரி பண்ணுனதுக்கு யுனெஸ்கோ 2008ல விருது குடுத்துருக்கு. யாரு வீட்டுத் திண்ணையோ, கேக்காமக்கொள்ளாம உக்காந்துட்டாரு.

— — —

அண்ணே நாங்க கீழக்கரை. போன வருசம் உம்மாவக் கூட்டிட்டுப் போனோம். உம்மாவுக்கு வெள்ளைக்காரத் தெருவு ஒண்ணும் புடிக்கல, காப்பி வெலையப் பாத்துட்டு கடைக்கு வெளியவே நின்னுட்டாங்க. ஆனா அங்க முஸ்லிம்கள் இருக்குற முல்லா வீதி, காஜியார் வீதிப்பக்கம் வந்தோடன "இது நம்மூரு தெருவுல்ல"ன்னு ஒவ்வொரு வாசலா நின்னு பாத்தாங்க. நம்ம ஆளுங்க கொழும்பு, பர்மா, மலேயான்னு சபுராளியா (கடல் தாண்டி சம்பாரிக்க) போன மாதிரி அங்க உள்ளவங்க பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனுக்குப் போயி சம்பாரிச்சிருக்காங்க. எங்க பெரிய வீடும் பவளக்கல்லு வீடுதான், ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பங்கு பிரிச்சு இடிச்சாச்சு. ஜேசிபி பல்லே ஒடஞ்சு போச்சுண்ணே, டிரைவர் எக்ஸ்ட்ரா காசு கேட்டாரு. உங்க வாப்பாட்ட இதச் சொல்லாதீங்க. அந்தத் துண்ட என்ன பண்ணுனாரு?

— — —

சொல்லாம இருப்பேனா தங்கச்சி, சொல்லிட்டேன். "எந்த வருசம் கட்டுன வீடுன்னு கேளு"ங்கிறாரு. அந்தத் துண்டு அவரு சட்டைப்பையிலயே ஊரு வந்து சேந்துச்சு. அம்மா பாக்காம அப்படியே வாஷிங் மெஷின்ல போட்டு, டங்கு டங்குன்னு ஒரு சத்தம், பக்கத்து வீட்டுக்காரங்களே வந்துட்டாங்க. நிறுத்திப் பாத்தா தண்ணி லேசா வெளுத்துருக்கு, துண்டு ஓரத்துல கொஞ்சம் தேஞ்சதோட சரி. அம்மா திட்டத் திட்ட இவரு அதத் தொடச்சு எங்கிட்ட நீட்டுறாரு, "பாத்தியா, கரையல".