லாஸ்பேட்டையில் பறக்கும் அணிலாம்! முதலில் அந்த வாலுக்குப் பதில் சொல்லுங்கள்

கெடிலக்கரை: புதுச்சேரி லாஸ்பேட்டை நண்பர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வீட்டு வாதாம் மரத்திலிருந்து பக்கத்து மாடிக்குப் பறக்கும் அணில் பாய்ந்ததாம். தினமும் வருகிறதாம். ஆளாளுக்கு 'அருமை, அருமை' என்று போட்டிருக்கிறீர்கள். நான் வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்தவன். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பலா மரத்துக்கு இருட்டியதும் பறக்கும் அணில் வரும். பூனை அளவு உடம்பு, உடம்பைவிட நீளமாகப் புசுபுசுவென்று வால். டார்ச் அடித்தால் கண் இரண்டும் சிவப்பாக மின்னும். விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, நாலு காலையும் விரித்துப் பாயும். அடுத்த மரத்தில் தாழ்வாக வந்து ஒட்டிக்கொண்டு மறுபடி ஏறும். சிறகெல்லாம் கிடையாது, காலுக்குக் கால் இழுத்துக் கட்டிய தோல்தான். நீங்கள் பார்த்தது வௌவால்.

லாஸ்பேட்டைவாசி: வௌவாலுக்கு ஏது சார் வால்? நான் வாலைப் பார்த்தேன். ஒரு முழம் இருக்கும்.

கெடிலக்கரை: தெருவிளக்கு வெளிச்சத்தில் முழம் போட்டீர்களா? வௌவால் கிளையில் வந்து தொற்றும்போது பின்னங்கால் தொங்கும், அதுதான் உங்கள் வால். காலையில் போர்டிகோவில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். வாதாம் பழத்தின் சதையை மென்று சாற்றை விழுங்கிவிட்டு, நாரைச் சின்னச் சின்ன உருண்டையாகத் துப்பியிருக்கும். கொட்டை தனியாகக் கிடக்கும். சுவரெல்லாம் எச்சம் தெறித்திருக்கும்.

லாஸ்பேட்டைவாசி: சுவரைப் பற்றி யார் கேட்டது? வாலைப் பற்றிப் பேசுங்கள்.

மஞ்சக்குப்பம் டீச்சர்: வால் இருந்தது என்றால் மரநாய்தான் தம்பி. எங்கள் தெருவிலும் உண்டு. கேபிள் ஒயரில் நடக்கும், காம்பவுண்டுச் சுவரில் ஓடும், மாடியிலிருந்து மரத்துக்குத் தாவும். எச்சத்தில் முழுசு முழுசாகப் பழக்கொட்டை இருக்கும்.

லாஸ்பேட்டைவாசி: டீச்சர், இது தாவவில்லை. விரித்துக்கொண்டு மிதந்து போனது. என் மனைவியும் பார்த்தாள்.

கெடிலக்கரை: மிதந்தது என்றால் வௌவால், வால் என்றால் மரநாய். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

பண்ருட்டிப் பலா: அண்ணே, யாராவது வளர்த்த சுகர் கிளைடர் தப்பி வந்திருக்கலாமே? அதற்கும் விரிகிற தோல் உண்டு, நீளமான வாலும் உண்டு.

கெடிலக்கரை: அது ஆஸ்திரேலியாப் பக்கத்துப் பிராணி. கங்காரு மாதிரி பையில் குட்டி வளர்ப்பது, அணில் இனமே இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்கு ஒரு முழ வால் எங்கிருந்து வரும்?

மஞ்சக்குப்பம் டீச்சர்: ராத்திரி முழுக்கக் கூட்டமாக விளையாடுகிற ஜீவனைத் தனியாகக் கூண்டில் அடைப்பதே பாவம். அதற்கு நீங்கள் வக்காலத்து வேறு.

பண்ருட்டிப் பலா: நான் எங்கே டீச்சர் வக்காலத்து வாங்கினேன்? தப்பி வந்திருக்கலாம் என்றுதானே சொன்னேன்!

லாஸ்பேட்டைவாசி: கல்வராயன் மலை இருக்கிறது. அங்கிருந்து வந்திருக்கக் கூடாதா?

கெடிலக்கரை: வரட்டும், எந்த வழியாக வரும்? மரத்துக்கு மரம் பாய்கிற பிராணிக்கு வழி நெடுக மரம் வேண்டும். அங்கிருந்து உங்கள் தெரு வரைக்கும் நெல்லும் கரும்பும். நடுவில் பஸ் ஏறி வந்ததா? பகலில் தூங்கப் பெரிய மரப்பொந்தும் வேண்டும். 2011-இல் அடித்த 'தானே' புயலில் எங்கள் கடலூர்ப் பக்கம் எத்தனை பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன தெரியுமா? பொந்து விழுகிற வயசுள்ள மரமே இப்போது அபூர்வம்.

லாஸ்பேட்டைவாசி: புயல் உங்களுக்கு மட்டும்தான் அடித்ததா? 2024 ஃபெஞ்சலில் எங்கள் தெருவில் படகு விடாத குறை. கடலூர்க்காரர்களுக்கு எப்போதும் தாங்கள் பட்டதுதான் கஷ்டம்.

பண்ருட்டிப் பலா: அதையும் இதையும் ஏன் சார் கோர்க்கிறீர்கள்? எங்கள் தோப்பு போனது உங்களுக்குத் தெரியுமா?

கெடிலக்கரை: பேச்சை மாற்ற வேண்டாம். போன வருஷம் லாஸ்பேட்டை சார் ஊசுடு ஏரியில் பூநாரை என்று படம் போட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் சங்குவளை நாரை. மஞ்சள் அலகு பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கும் இதே பிடிவாதம்தான்.

லாஸ்பேட்டைவாசி: அது பூநாரைதான். இன்றைக்கும் சொல்வேன்.

மஞ்சக்குப்பம் டீச்சர்: பூநாரையை விடுங்கள். மரநாய் என்று சொன்னேனே, அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கெடிலக்கரை: டீச்சர், மரநாய்க்கு விரிகிற தோல் இல்லை. பதில் சொல்லியாயிற்று. லாஸ்பேட்டை சார், நாளைக் காலையில் மரத்தடியைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மென்று துப்பிய சக்கையா, கொட்டை நிறைந்த எச்சமா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

லாஸ்பேட்டைவாசி: என் வீட்டு வாசலை உங்களுக்கு எதற்குப் படம் எடுத்துக் காட்ட வேண்டும்? நீங்கள் வால்பாறையில் எடுத்த படம் ஒன்றாவது இருக்கிறதா? அதை முதலில் போடுங்கள்.

கெடிலக்கரை: அப்போது யார் கையில் கேமரா இருந்தது?

லாஸ்பேட்டைவாசி: அப்படியென்றால் உங்கள் பேச்சை மட்டும் நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?