புதுப்பிப்பு: 3080 கிராபிக்ஸ் கார்டின் தடுமாற்றம் தீர்ந்தது, 9070 எக்ஸ்டி வாங்கிவிட்டேன்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. என் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு (10 ஜிபி நினைவகம்) 4கே திரையில் புதிய விளையாட்டுகளில் விட்டுவிட்டு நிற்கிறது, என்விடியாவின் புதிய 5080க்கு மாறலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

சரியான வழி காட்டியது, "டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி குறைத்துப் பாருங்கள்" என்று சொன்ன யாழ்ப்பாணத்து அண்ணா. டெக்ஸ்சர் என்பது விளையாட்டில் பொருள்களின் மேல் ஒட்டப்படும் படங்கள்; அவை கார்டின் நினைவகத்தில் இடம் பிடிக்கும். குறைத்ததும் தடுமாற்றம் நின்றது. ஆக, கார்டின் நினைவகம் போதாததுதான் குறை. 5080இலும் இருப்பது 16 ஜிபிதான். அதே அளவு ஏஎம்டியின் 9070 எக்ஸ்டியிலும் உண்டு. இந்தத் தலைமுறையில் ஏஎம்டி 5080, 5090க்கு நேர்ப் போட்டியாக எதையும் விடவில்லை. ஆனால் எனக்கு அந்த உச்சமே தேவைப்படவில்லை. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலைந்து கடை ஏறி இறங்கி, உள்ளூர் உத்தரவாதத்தோடு வாங்கினேன். மின் தேவை 3080க்கு 320 வாட், இதற்கு 304 வாட். பழைய 750 வாட் பவர் சப்ளையே போதும்.

எதிர்பாராதது ஒன்று: முதல் நாள் வேகம் ஏமாற்றமாக இருந்தது. பயாஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ரீசைசபிள் பார், அதாவது கார்டின் முழு நினைவகத்தையும் சிபியு ஒரேயடியாக அணுக விடும் வசதி, அணைந்திருந்தது. அதைப் போடுவதற்காக, பழைய முறையில் கணினியை எழுப்ப உதவும் சிஎஸ்எம்மை நிறுத்தியதும் விண்டோஸ் எழும்பவில்லை, ஏனென்றால் என் டிஸ்க் பழைய எம்பிஆர் வகை; சிஎஸ்எம் இல்லாமல் அதிலிருந்து விண்டோஸ் எழும்பாது. சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டு, கோப்புகளைப் பிரதி எடுத்து, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கைப் புதிய ஜிபிடி வகைக்கு மாற்றினேன். அப்புறம் சிஎஸ்எம்மை நிறுத்தி ரீசைசபிள் பாரைப் போட்டதும் எல்லாம் சரி. டிஸ்க் வகையை முதலில் மாற்றுங்கள், பயாஸைப் பிறகு தொடுங்கள்.

இப்போது டெக்ஸ்சர் முழு அளவில், தடுமாற்றமே இல்லை.