ராடெட்ஸ்கி மார்ச்: 108 போதுமா, 120 வேண்டுமா?

தக்கலை கிளாரினெட்:
ஜனவரி 26-க்கு நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் எங்கள் பள்ளி பேண்ட் ராடெட்ஸ்கி மார்ச் என்ற அணிவகுப்பு இசையை வாசிக்கிறது. டிரில் மாஸ்டர் நிமிடத்துக்கு 120 தட்டு என்கிறார். 108 போதும் என்பது என் கட்சி. முதல் பகுதி மெட்டில் கிரேஸ் நோட், அதாவது முக்கிய சுரத்துக்கு முன்னால் சட்டென்று ஒட்டி வரும் குட்டிச் சுரம், வந்துகொண்டே இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 120-ல் வாசித்தால் அதில் பாதி காணாமல் போகிறது. அந்தத் துள்ளல் போனால் மெட்டே போயிற்று.

குழித்துறை பாஸ் டிரம்:
மக்கா, மார்ச் காலுக்கு. ராணுவத்தில் தேஜ் சல் (விரைவு நடை) என்றால் நிமிடத்துக்கு 120 அடி, என்.சி.சி. பிள்ளைகளும் அதை ஒட்டிய வேகத்தில்தான் பழகியிருக்கிறார்கள். வேகத்தைக் குறைத்தால் சின்னப் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடும். உடம்பு ஆடும், வரிசை வளையும்.

தக்கலை கிளாரினெட்:
அண்ணே, இந்த மார்ச் 1848 ஆகஸ்ட் 31-ல் வியன்னாவில் முதலில் ஒலித்தது அணிவகுப்பில் இல்லை, வெற்றி விழாக் கச்சேரியில். இன்றும் அங்கே புத்தாண்டுக் கச்சேரியில் கேட்பவர்கள் கை தட்டுகிறார்கள். யாரும் நடப்பதில்லை.

குழித்துறை பாஸ் டிரம்:
அன்று கை தட்டிக் காலால் தாளம் போட்டவர்கள் ராணுவ அதிகாரிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தக்கலை கிளாரினெட்:
சரி, கணக்குக்கு வருவோம். 400 மீட்டர் டிராக், பிள்ளைகள் அடிக்கு 60 சென்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய 667 அடி. 120-ல் ஐந்தரை நிமிடம், 108-ல் ஆறு நிமிடம் பத்து விநாடி. நாற்பது விநாடிகூட மிச்சமாகாது. அதற்காகவா மெட்டைப் பலி கொடுப்பது?

கோட்டாறு டிரம்பெட்:
தம்பி, மூச்சை மறந்துவிட்டீர்கள். நடந்துகொண்டே ஊதுகிற பிள்ளைக்கு டெம்போ (வாசிக்கும் வேகம்) குறையக் குறைய ஒவ்வொரு வரியும் நீளும், பாதியில் மூச்சு வாங்கும். நான் 120 பக்கம். கிரேஸ் நோட் விழுந்தால் நாக்கைப் பழக்குங்கள். உட்கார வைத்து 80-ல் தொடங்கி, சுத்தமாக வந்தபிறகு மட்டும் நான்கு நான்காக ஏற்றுங்கள். பிள்ளைகளால் முடியாது என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

குழித்துறை பாஸ் டிரம்:
அக்கா சொன்னது சரி. இன்னொன்று, வரிசை கலைவதற்கு டெம்போ மட்டும் காரணமில்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பேண்ட் முன்னால், கடைசி வரிசை 50 மீட்டர் பின்னால் என்றால் தாளம் 0.15 விநாடி தாமதமாகத்தான் அங்கே கேட்கும். 120-ல் ஒரு தட்டே அரை விநாடி. அதில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட போய்விட்டது. பின்வரிசைக்காரன் சரியாகத்தான் நடக்கிறான், திட்டு மட்டும் அவனுக்கு. பேண்டை அணியின் நடுவில் விடச் சொல்லுங்கள்.

தக்கலை கிளாரினெட்:
நடுவில் விடுவதை மாஸ்டரிடம் கேட்கிறேன். 80-லிருந்து ஏற்றியும் பார்க்கிறோம். ஆனால் கிரேஸ் நோட் எந்த எண்ணில் மங்குகிறதோ, அங்கேயே நிறுத்திவிடுவேன்.

கோட்டாறு டிரம்பெட்:
நிறுத்துங்கள், ஆனால் கடைசி வாரம்வரை பொறுத்து நிறுத்துங்கள். முதல் நாளே 108 என்று எழுதி ஒட்டிவிட்டால் அதற்கு மேல் யாரும் முயலமாட்டார்கள்.