ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, யூனிட்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி (தருமபுரி): 2009 மாடல் கார். சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தது. அதிலிருந்து வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில், காய்ந்த ரோட்டிலும் பெடல் கடகடவென்று உதறுகிறது. மெக்கானிக் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார். பெரிய செலவு அண்ணா.

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. ஏபிஎஸ் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு, மெதுவாக ஓட்டியபடி நான்கு சக்கர வேகத்தையும் பாருங்கள், ஒன்று மட்டும் முன்னதாகவே பூஜ்யத்துக்கு விழுந்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில்தான், சக்கரம் பூட்டிக்கொண்டதாக நினைத்து ஏபிஎஸ் வேலை செய்துவிடுகிறது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மட்டும் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பதில் (கிருஷ்ணகிரி): சக்கர வேகத்தை அளப்பது பழைய இரண்டு வயர் காந்த சென்சார் என்றால் மல்டிமீட்டரில் இடது வலது சென்சார்களின் ஓம்ஸை (மின்தடையை) ஒப்பிடுங்கள். சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்: முன் இடது சக்கரம்தான்! சென்சார் நல்லாவே இருக்கிறது. ஆக்சிலில் இருக்கும், சென்சார் வேகத்தைப் படிக்கும் பல் வளையம் துருவேறி, நகம் நுழையும் அளவுக்கு விரிசல். வளையம் மட்டும் மாற்றினேன், உதறல் நின்றுவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா.